பொலிஸ் லெட்சுமி எங்களை நடக்க வைத்த கதை

போன சனிக்கிழமை காலை, இங்கே கிழக்கு லண்டன் கிரீன் ஸ்ட்ரீட்டில் வழமையாகப் போகும் மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரச் சிவம் கல்லாவில் இருந்தபடியே, "ராணி அக்கா, கேள்விப்பட்டியளே? எங்கட பொலிஸ் லெட்சுமி விடியப்புறம் மோசம் போட்டாவாம். இப்பதான் போன் வந்தது" என்றான். கையில் இருந்த முருங்கைக்காயை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் நின்ற பெண் கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்துவிட்டு, "என்னை ரோட்டுக் கடக்கப் பழக்கினவ. பிள்ளையளுக்கு முன்னாலை திருப்பித் திருப்பிக் கடக்க வைச்சவ, விசர் மனிசி" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அதோடு தொடங்கியது. ஆளுக்கொரு கதை. சிவம் காசு வாங்குவதை நிறுத்திவிட்டுத் தன் கதையையும் சொன்னான். ஒரு சாவுச் செய்தியைக் கேட்டு ஒரு முழுக் கடையும் கண்ணீரும் சிரிப்புமாக நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

லெட்சுமியை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லப்போகிறேன்? ஆனால் அன்று கடையில் கேட்ட கதைகளில் பாதி பிழை. ஒருத்தி அவரைக் குதிரையில் ஏற்றிவிட்டாள். இன்னொருவர் அவர் துப்பாக்கி வைத்திருந்தார் என்று சத்தியம் செய்யாத குறை. அந்த மனிசியிடம் இருந்த ஒரே ஆயுதம் வாய். அதனால்தான், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் அவரோடு ஒரே மேசையில் இருந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அப்டன் பார்க்கில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் டின்னர் லேடியாக இருந்தேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, வரிசை குழப்புகிறவர்களை அதட்டுவது, அழுகிறவர்களின் மூக்கைத் துடைப்பது, எல்லாம் என் வேலை. ஒருநாள் மண்டபத்துக் கதவைத் திறந்துகொண்டு பொலிஸ் சீருடையில் ஒரு பெண் வந்தார். நிறத்தைப் பார்த்தால் எங்கள் ஆள். நான் கஸ்டர்ட் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஊரில் சீருடை உள்ளே வந்தால் யாரோ ஒருவர் அதோடு வெளியே போவார் என்பதுதான் நாங்கள் கண்ட நடைமுறை. அவரோ நேரே என்னிடம் வந்து, "பசியாறிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டார். அதுதான் மலேசியத் தமிழர்களின் வணக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். "இல்லை, இனித்தான்" என்று நான் உளறினேன். "அப்ப ஒண்ணா உக்காருவோம்லா" என்று ஒரு தட்டை எடுத்துக்கொண்டார்.

ஈப்போவில் பிறந்தவர். தாதிப் பயிற்சிக்கு லண்டன் வந்து, சில வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டுப் பொலிசில் சேர்ந்தவர். எங்கள் பகுதியிலிருந்த சில பள்ளிக்கூடங்களை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வீதியைக் கடப்பது எப்படி, தெரியாதவர் காரில் ஏறச் சொன்னால் என்ன செய்வது, கடையில் கைவைத்தால் என்ன நடக்கும் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவர்களுக்கு ஒன்றென்றால் முதலில் போய் நிற்பதும்தான் வேலை. நல்ல தாதி வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில அடிபட்ட பிறகுதான் ஆளைப் பாக்குறோம். அடிபடுறதுக்கு முந்தியே பாத்தா என்னான்னு தோணிச்சு" என்றார். அம்மா என்ன சொன்னா என்றேன். "ஒரு வருஷம் எங்கிட்ட பேசல. நிம்மதியா இருந்தேன்" என்று கண்ணடித்தார்.

அதிபர் அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அதில் அவர் இருந்ததை நான் கண்டதே இல்லை. "ஆபீஸ்ல உக்காந்தா புகார் வரும். சாப்பாட்டு மேசையில உக்காந்தா கதை வரும். எனக்குக் கதைதான் வேணும்" என்பார். பெரிய மண்டபத்தில் அவர் நடத்தும் நாடகத்தை மறக்க முடியுமா? கடைத் திருட்டைப் பற்றிய பாடம். பிள்ளைகள் பொலிஸ், கடைக்காரர், நீதிபதி. திருடர் எப்போதும் லெட்சுமி. சீருடைக்குள் சொக்லேட்டை ஒளித்துக்கொண்டு மேடையெல்லாம் ஓடுவார், பிடிபட்டதும் காலில் விழுந்து கெஞ்சுவார், பொய் அழுகை அழுவார். மண்டபம் கூரை பிரிய ஆரவாரிக்கும். கடைசியில் மூச்சு வாங்க எழுந்து நின்று, "சிரிச்சீங்கல்ல? நிஜமா பிடிபடுறப்ப ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" என்று ஒரே ஒரு வசனம் ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு அந்தச் சொக்லேட்டைத் தானே தின்பார்.

தமிழ்ப் பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதுதான் பெரிய கூத்து. பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீடுகளுக்கு ஒரு அறிவித்தல் போனது, பொலிஸ் உத்தியோகத்தர் உங்களோடு பேச விரும்புகிறார் என்று. எழுதியவர்கள் தேநீரும் பிஸ்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். எங்கள் சனம் நினைத்தது வேறு. பொலிஸ் கூப்பிட்டால் தனியே போகக்கூடாது, எங்களுக்காகக் கதைக்க ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ஊரில் எழுதாத சட்டம். லண்டனில் பெரிய மனிதருக்கு எங்கே போவது? எங்கள் வட்டாரத்தில் இருந்தவர் ஒருவர்தான், இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர் தம்பிராசா ஐயா. கோட்டும் டையும் உண்டு, ஆங்கிலம் உண்டு, குரலும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் மற்றவர்களுக்குத் தெரியாமல் அவரிடம் போய் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறது. அவரும் ஒருவரிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அன்று மாலை பட்டுச்சேலையும் பாஸ்போட்டுமாக எல்லோரும் வந்து இருந்தார்கள். முன்வரிசை நடுவில் தம்பிராசா ஐயா. லெட்சுமி ஒரு குடும்பத்தைப் பார்த்து வணக்கம் சொன்னதும் ஐயா எழுந்தார். "மேடம், இந்தக் குடும்பத்தை எனக்கு நெடுங்காலமாய்த் தெரியும். மிகவும் நல்ல குடும்பம். இவர்களுக்கு நான் பொறுப்பு." லெட்சுமி தலையசைத்தார். அடுத்த குடும்பம். ஐயா மறுபடியும் எழுந்தார். அதே வசனம். அதற்கடுத்த குடும்பம். அதே ஐயா, அதே நெடுங்காலம். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஐயாவுக்கு வியர்த்தது, ஆனாலும் வாக்குக் கொடுத்த மனிதர், எழும்பாமல் விடவில்லை. லெட்சுமி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஐயா, எல்லாருக்கும் நீங்க வந்திருக்கீங்க. உங்களுக்கு யாரு வந்திருக்கா?" என்றார். முதலில் சிரித்தவர் ஐயாதான். பிறகு பட்டுச்சேலை எல்லாம் குலுங்கியது.

ஆனால் அவ்வளவு சிரித்தும் ஒருவரும் வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஏதும் கஷ்டமா என்று லெட்சுமி கேட்டார். ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லம், நீங்களும் நல்லம் என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த நேசம்தான் எல்லாரிலும் உரக்க, "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். அடி ஆத்தை! அவளுடைய மகள் வாசுகியின் புத்தகப் பை இரண்டு நாளைக்கு முதல் நடுவீதியில் கிடந்ததை அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அறிவார்கள்.

நடந்தது இதுதான். பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்பில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் சிலர் கூடி நின்று எங்கள் பிள்ளைகளைச் சீண்டுவார்கள். முட்டை எறிவார்கள், பின்னலைப் பிடித்து இழுப்பார்கள், ஊருக்குப் போ என்று கத்துவார்கள். வாசுகிக்குப் பதின்மூன்று வயது, கணக்கில் புலி. அவளுடைய பையைப் பிடுங்கி பஸ்ஸுக்கு முன்னால் வீசியிருக்கிறார்கள். பின்னால் ஓடிப்போய் எடுக்கப் பார்த்தவளை யாரோ ஒரு கிழவி இழுத்துப் பிடித்ததால் தப்பினாள். நேசம் அன்றே முடிவு எடுத்துவிட்டாள். பிள்ளையைத் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்புவது, அங்கே வேறு பள்ளிக்கூடம் கிடைத்தால் பார்ப்பது, கிடைக்காவிட்டால் வீட்டோடு இருக்கட்டும். வாசுகி சாப்பாட்டு மண்டபத்தில் என் ஏப்ரனில் முகத்தைப் புதைத்து அழுதாள். "ஆன்ட்டி, அம்மாட்டைச் சொல்லுங்கோ, ப்ளீஸ். நான் எங்கையும் போகேல்லை." நான் லெட்சுமியிடம் போனேன்.

"நேசம் வீட்டுக்கு வாங்கோ. ஆனால் சேலை கட்டிக்கொண்டு வாங்கோ, இந்த உடுப்போடை வந்தால் கதவே திறக்க மாட்டாள்" என்றேன். லெட்சுமி யோசிக்கவே இல்லை. "சேலையில போனா லெட்சுமியை நம்புவாங்க. நாளைக்கு இன்னொரு போலீஸ் வந்தா? யூனிபார்ம்லதான் வருவேன். கதவு திறக்கலைன்னா வெளியில நிப்பேன்" என்றார்.

ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. நேசத்தின் புருஷன் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், உள்ளே படுத்திருந்தார். நான் குரல் கொடுத்ததால் கதவு திறந்தது. சீருடையைக் கண்டதும் நேசத்தின் முகம் வெளுத்துவிட்டது. லெட்சுமி சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கேட்காமலே கதிரையில் இருந்துகொண்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்றார். தேத்தண்ணி வந்தது. முறைப்பாடு கொடுக்கலாமே என்று லெட்சுமி மெல்லச் சொன்னதும் நேசம் உடைந்தாள். "ஊரிலை எங்கட அண்ணை சைக்கிள் களவு போனதெண்டு முறைப்பாடு குடுக்கப் போனவர். போனவரைத்தான் பிடிச்சு வைச்சவங்கள். ஆறு மாசம். வரேக்கை ஒரு காது கேளாது. நான் ஒருதரையும் குறை சொல்லேல்லை. என்ரை பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன், எங்களை விடுங்கோ."

லண்டன் அப்படி இல்லை, சட்டம் இப்படி என்று லெட்சுமி இப்போது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "நீங்க புகார் கொடுக்க வேணாம். கையெழுத்தும் வேணாம். நாளையிலிருந்து ஒரு வாரம், ஸ்கூல் விடுற நேரத்துக்கு வாசல்ல நில்லுங்க. என் கூட நடங்க. பஸ் வேணாம், கிரீன் ஸ்ட்ரீட் வழியா வீடு வரைக்கும் நடப்போம். ஒரு வாரம் கழிச்சும் பயமா இருந்தா வாசுகியோட பெட்டியை நானே தூக்கிட்டு வந்து ரயில் ஏத்தி விடுறேன்" என்றார். நேசம் என்னைப் பார்த்தாள். நான், "நானும் வாறன்" என்றேன்.

முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் வாசுகியும். பஸ் ஸ்டாப்பில் பெடியன்கள் நின்றார்கள். லெட்சுமி அதட்டுவார், பிடிப்பார் என்று பார்த்தால், "டேரன்! உன் பாட்டிக்கு முழங்கால் இப்ப எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பள்ளிக்கூடமும் அவருடையதுதானே. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒவ்வொருவனிடமும் வீட்டுச் சேதி கேட்டார். தடியன்கள் கோழிக்குஞ்சுபோல ஒடுங்கினார்கள். நடக்கும்போது நேசம் என்னிடம், "என்ன ராணி அக்கா, உவனுக்கும் பாட்டி இருக்கே?" என்றாள்.

செய்தி பரவ எங்கள் ஆட்களுக்கு போன் தேவையில்லை. அடுத்த நாள் இன்னும் சில தாய்மார். அதற்கடுத்த நாள் சேலைக்கு மேலே கோட், கையில் தள்ளுவண்டி, தள்ளுவண்டியில் குழந்தையும் வெங்காய மூட்டையும் என்று ஒரு படையே நடந்தது. தம்பிராசா ஐயா குடையோடு முன்னால் வந்தார், யாரும் கூப்பிடாமலே. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சிவத்தின் கடையில் நின்று கொய்யாப்பழம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஊர்வம்பு, கறி வைக்கும் விதம், மாமியார் குற்றம், எல்லாம் அந்த நடையில் பேசித் தீர்த்தோம். இந்த நாட்டுக்கு வந்து வருடக்கணக்கில் ஒரே வீதியில் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தவர்கள் நாங்கள். எனக்கு அந்த வாரம் கோயில் திருவிழாவைவிடச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை லெட்சுமி வரவில்லை. வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போயிருந்தார். வாசலில் எல்லோரும் கூடி நின்று பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்தோம். இன்றைக்கு பஸ்ஸில் போவோமா என்று யாரோ தொடங்கினாள். ஐயாவும் குடையை விரிப்பதா மடிப்பதா என்று யோசித்தார். அப்போதுதான் நேசம், அந்த நேசம், "நிண்டு என்ன செய்யிறது? நடவுங்கோ" என்று வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் சீருடை இல்லை என்பதைப் பெடியன்கள் கண்டுகொண்டார்கள். ஒரு முட்டை வந்து நேசத்தின் கோட்டில் உடைந்தது. எங்கள் ஊர்வலம் நின்றது. நேசம் கோட்டைப் பார்த்தாள். பிறகு எறிந்தவனுக்கு முன்னால் நேரே போய் நின்று, அவளுக்கிருந்த அவ்வளவு ஆங்கிலத்தையும் திரட்டி, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள். அவன் இளித்தான். அவள் நகரவில்லை. மறுபடியும் கேட்டாள். மஞ்சள் கரு கோட்டில் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை தாய்மாருக்கு முன்னால் இளிப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பான்? பெயரைச் சொன்னான். "தாங்க் யூ" என்றுவிட்டு நேசம் நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்துக்கு லெட்சுமி ஓடி வந்தார், கண்ணெல்லாம் சிவந்து. "ராணி! நேசம் இன்னைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்தாங்க. கீழ பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. யாரு கூட வந்தீங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் இல்லை, நான்தான் வந்தனான், ஒரு முறைப்பாடு குடுக்கோணும்னு சொல்றாங்க!" அழுதுகொண்டே சிரித்தார். சீருடையோடு அந்த மனிசி என்னைத் தூக்கிச் சுற்றினார். பிள்ளைகள் எல்லாம் மேசையில் கரண்டியால் தட்டத் தொடங்கிவிட்டார்கள், எதற்கென்று தெரியாமலே.

பெடியன்களின் பெற்றோரைக் கூப்பிட்டார்கள், கண்டித்தார்கள், பஸ் ஸ்டாப் அமைதியானது. முட்டை எறிந்தவனை மன்னிப்புக் கேட்க லெட்சுமி நேசம் வீட்டுக்கே கூட்டிப்போனார். மன்னிப்பு இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. நேசம் அவனைச் சாப்பிடாமல் விடவில்லை. எங்கள் மிளகாய்த்தூள் போட்ட கோழிக்கறி. கண்ணாலும் மூக்காலும் ஒழுக ஒழுக அவன் தட்டைக் காலி செய்து, இன்னும் கேட்டானாம். "சிறைத்தண்டனையை விட இது கடுமைலா" என்று லெட்சுமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாசுகி எங்கேயும் போகவில்லை. அங்கேயே படித்து, பிறகு பல்கலைக்கழகம் போய், இப்போது கண் பரிசோதகராக இருக்கிறாள். எங்கே தெரியுமா? தோர்ண்டன் ஹீத்தில். தாய் அன்று அனுப்ப நினைத்த இடத்துக்கு இன்று சம்பளத்துக்கு ரயில் ஏறிப் போகிறாள்.

நடை மட்டும் நிற்கவில்லை. பயம் போன பிறகும் வருடக்கணக்கில் தாய்மார் நடந்தார்கள். லெட்சுமி நேரம் கிடைத்த நாளெல்லாம் வந்தார். பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்றார். "மேல போனா மேசை பெருசாகும், அதுல சோறு இருக்காது" என்றார். கடைசி வருடங்களில் உடம்புக்கு முடியாமல் போனது. போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். முடி எல்லாம் கொட்டி, பஞ்சுபோல் கிடந்தார். கண்டதும், "பசியாறிட்டீங்களா?" என்றார். ஓம், நீர் எப்படி இருக்கிறீர் என்றேன். பக்கத்துக் கட்டில் கிழவி தன்னுடைய பிஸ்கட்டைக் களவெடுப்பதாகவும் தான் விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் இரகசியமாகச் சொன்னார். நானும் அவரும் சிரித்த சிரிப்பில் தாதி வந்து எட்டிப் பார்த்தாள்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இறுதிக்கிரியைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மண்டபம் முழுக்கப் பொலிஸ். அத்தனை சீருடையை ஒரே இடத்தில் பார்த்தால் எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் வந்த வழியே திரும்பியிருப்பார்கள். நேசம் பிந்தி வந்தாள். கதிரை இல்லை. நடுவரிசையில் இரண்டு உயரமான பொலிஸ்காரருக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. "கொஞ்சம் தள்ளி இருங்கோ தம்பி" என்று தமிழிலேயே சொல்லி, அவர்கள் தள்ளத் தள்ள, அங்கே இருந்துகொண்டாள். பெட்டியைக் கொண்டுவந்தபோது வலப்பக்கத்து இளம் பொலிஸ்காரன் விம்மத் தொடங்கினான். நேசம் பையிலிருந்து ரிஷ்யுப் பேப்பர் எடுத்துக் கொடுத்தாள். அவன் கண்ணைத் துடைக்கக் கை போதாமல் தவிப்பதைப் பார்த்து, அவன் கையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

லெட்சுமியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் காட்சிதான். கிரியை முடியும்வரை நேசத்தின் ஒரு கை அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது, மற்றக் கை அந்தப் பொலிஸ் தொப்பி கீழே விழாமல் பிடித்திருந்தது.